டென்மார்க்கின் சிப்பி மேடுகளும் காணாமற்போன எலும்புகளும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோபன்ஹேகன் விலங்கியல் பேராசிரியர் ஒருவர் நாய்களை அடைத்துவைத்து, எலும்புகளைப் போட்டு, அவை எதைத் தின்கின்றன, எதை விட்டுவைக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் யாப்பெட்டுஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப். டென்மார்க்கின் கடலோரச் சிப்பி மேடுகளில், அதாவது பழங்கால மக்கள் தின்று எறிந்த ஓடுகளின் குவியல்களில், கிடைத்த விலங்கு எலும்புகளில் ஒரு விசித்திரம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பறவை எலும்புகளில் நீண்ட எலும்புகளின் நடுத்தண்டுகள் மட்டும் ஏராளமாகக் கிடைத்தன. ஒரு பறவையின் உடலில் நீண்ட எலும்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மேடுகளிலோ அவை மற்ற எலும்புகளைவிடச் சுமார் இருபது மடங்கு அதிகம். காட்டு மாடுகளின் எலும்புகளிலும் மென்மையான முனைகள் இல்லை, முதுகெலும்பில் பெரும்பகுதி இல்லை. எத்தனை மேடுகளைத் தோண்டினாலும் அதே எலும்புகள்தான் கிடைத்தன, அதே எலும்புகள்தான் காணாமற்போயிருந்தன.

நாய்கள் விடை சொல்லிவிட்டன. மேடுகளில் எந்த எலும்புகள் இல்லையோ அவற்றைத்தான் நாய்கள் மென்று தீர்த்தன. சத்தில்லாத கெட்டியான பகுதிகள் மிஞ்சின. ஆக, அந்த மேடுகளில் உண்டு வாழ்ந்த மக்களோடு நாய்களும் இருந்தன, மனிதர் எறிந்ததை அவை தின்றன, நாய்கள் மிச்சம் வைத்ததுதான் ஆய்வாளர் கைக்கு வந்தது.

ஸ்காண்டிநேவியத் தொல்லியல் என்றதும் பலருக்கு வைகிங் கப்பலும் வாளும் நினைவுக்கு வரும். அவை பிற்காலத்தவை. அந்த மண் உலகுக்குக் கொடுத்த பெரிய கொடை இந்த நாய்ச் சோதனையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எழுத்தே இல்லாத காலத்து மக்களின் வாழ்க்கையைக் குப்பையிலிருந்து படிக்கலாம். ஆனால் அந்தக் குப்பை எறியப்பட்ட நாளிலிருந்து தோண்டப்பட்ட நாள்வரை அதற்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்று கேட்ட பிறகே படிக்க வேண்டும். டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்ட இடங்களிலெல்லாம் வரலாறு தெளிந்திருக்கிறது. கேட்கத் தவறியபோது இந்தக் காலத்து நுண்கருவிகள்கூட அவர்களைத் தடுமாற வைத்திருக்கின்றன.

இந்தக் கதை ஒரு வணிகரின் மகனிடம் தொடங்குகிறது. கிறிஸ்டியன் யுர்கென்சன் தாம்சென் 1816இல் டென்மார்க்கின் தொல்பொருள் ஆணையத்துக்குச் செயலாளரானபோது அவர் முன்னால் இருந்தது காலமும் ஒழுங்கும் தெரியாத பொருட்களின் குவியல். எந்தப் பொருள் எந்தப் பொருளோடு சேர்ந்து கிடைத்தது என்பதை அவர் கவனித்துப் பிரித்தார். கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசை அப்படிப் பிறந்தது. 1836இல் வெளியான வழிகாட்டி நூலில் அதை விளக்கினார். ஆதிச்சநல்லூரை இரும்புக் காலத்து இடம் என்று நாம் இன்று சொல்லும்போதும், பள்ளிப் பாடத்தில் கற்காலம் என்று படிக்கும்போதும், அந்தக் கோபன்ஹேகன் அலமாரிகளின் வரிசையைத்தான் பயன்படுத்துகிறோம்.

தாம்சென் அருங்காட்சியகத்துக்கு வரும் விவசாயிகளுக்குத் தாமே பொருட்களைக் காட்டி விளக்குவார். அதற்குக் காரணம் இருந்தது. ஏர் முனையில் கல் கோடரி தட்டுப்படுவதும், மண்மேட்டை வெட்டும்போது வெண்கல வாள் எட்டிப்பார்ப்பதும் விவசாயிக்குத்தான். பேராசிரியர்கள் போய்ச் சேர்வதற்குள் முதல் முடிவை அவர் எடுத்துவிட்டிருப்பார்: வீசுவதா, வைத்துக்கொள்வதா, சொல்லி அனுப்புவதா. டென்மார்க்கில் சொல்லி அனுப்பும் பழக்கம் வேரூன்றியது. புதையல் அரசுக்கு உரியது என்ற விதி அங்கே 1241ஆம் ஆண்டின் யூட்லாந்துச் சட்டத்திலேயே உண்டு; யூட்லாந்து என்பது டென்மார்க்கின் பெரிய தீபகற்பப் பகுதி. இன்றும் அத்தகைய பொருளைக் கண்டெடுப்பவர் ஒப்படைக்கிறார், அதன் மதிப்புக்கும் அதை அவர் காப்பாற்றிக் கொடுத்த அக்கறைக்கும் ஏற்ப அரசு பணம் கொடுக்கிறது. சிதைக்காமல் எடுத்தவருக்கு அதிகம் கிடைக்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்தச் சின்ன நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

சிப்பி மேடுகளின் மர்மத்தை அவிழ்த்ததும் அப்படி ஒரு தகவல்தான். 1850இல் யூட்லாந்தின் வடகிழக்கே மைல்கோர் பண்ணையில் சாலை போடுவதற்காக வேலையாட்கள் சிப்பி ஓடுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் படுகை ஆள் உயரத்துக்கும் மேல் தடிமனாக இருந்தது. அதற்குள் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் ஒன்று கிடைத்தது. கூடவே கை வடிவில் நான்கு குட்டை விரல்களோடு செதுக்கப்பட்ட சிறிய எலும்புப் பொருள் ஒன்றும் கிடைத்தது. தலை வாரும் சீப்பு. பண்ணை உரிமையாளர் இரண்டையும் தாம்செனுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்கு முன்பே, 1848இல், டென்மார்க் அறிவியல் கழகம் மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்திருந்தது. ஸ்டீன்ஸ்ட்ரூப் விலங்கியலார், ஃபோர்க்ஹாமர் நிலவியலார், வோர்ஸோ தொல்லியலார். பழைய மண்ணைப் படிக்க மூன்று துறை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறது. மேடுகள் கடல் ஒதுக்கிய இயற்கைப் படிவுகள் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள், ஸ்டீன்ஸ்ட்ரூப்பும்தான். கடல் மட்டம் மாறியபோது பழைய கடற்கரை மேலே நின்றுவிட்டது என்று கொள்வது எளிதாக இருந்தது. வோர்ஸோ மைல்கோர் மேட்டைப் பார்த்துவிட்டு, இது மக்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்றார்.

சான்றுகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் சாய்ந்தன. மேட்டில் இருந்த சிப்பிகள் எல்லாம் முழு வளர்ச்சி அடைந்தவை. இயற்கையான சிப்பிப் படுகையில் குஞ்சும் குளுவானும் கலந்தே இருக்கும். ஆளி என்னும் பெரிய சிப்பி, இரண்டு வகை மட்டி, சிறு கடல்நத்தை என நான்கு இனங்கள் ஒன்றாகக் குவிந்திருந்தன. கடலில் அவை ஒரே இடத்தில் வாழ்வதில்லை. கரிந்த கற்கள், சாம்பல், வெட்டுக் காயம் பட்ட எலும்புகள் இருந்தன. அலை ஒதுக்கியிருந்தால் கூடவே வந்திருக்க வேண்டிய கூழாங்கல் இல்லை. ஸ்டீன்ஸ்ட்ரூப் தன் கருத்தை மாற்றிக்கொண்டு முழு வேகத்தில் இறங்கினார். நாய்கள் வந்தது அப்போதுதான்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. மேடுகளில் காட்டு அன்னத்தின் எலும்புகள் கிடைத்தன. அந்தப் பறவை டென்மார்க் கரைக்கு வருவது குளிர்காலத்தில்தான். கோடையில் மட்டும் சிப்பி தின்ன வந்த கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி அந்த எலும்புகள் சாட்சி சொல்லின. பைன் மரத் தளிரை உண்டு வாழும் பெரிய காட்டுக்கோழி ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன. அவர் காலத்து டென்மார்க்கில் அந்தப் பறவையும் இல்லை, பைன் காடும் இல்லை. ஆளிச் சிப்பிகளோ அவர் காலத்துச் சிப்பிகளைவிடப் பெரியவை. அவை வளர்ந்த கரைகள் சிலவற்றில் 19ஆம் நூற்றாண்டில் ஆளியே வாழ முடியாத அளவுக்கு உப்பு குறைந்திருந்தது. கடலின் உப்பு, காட்டின் மரம், ஆண்டின் பருவம் எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டின் மிச்சத்தில் பதிந்திருந்தன.

1890களில் இரண்டாவது குழு புறப்பட்டது. லிம்ஃபியோர்ட் கரையில் எர்த்தெபொல்லெ என்ற ஊரில் சுமார் 140 மீட்டர் நீளமும் 20 மீட்டர் வரை அகலமும் கொண்ட மேட்டை 1893 முதல் 1897 வரை தோண்டினார்கள். முடிவுகள் 1900இல் வெளிவந்தன. பொ.ஆ.மு. சுமார் 5400 முதல் 3950 வரை தென் ஸ்காண்டிநேவியாவில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த, மண்பாண்டம் செய்யத் தெரிந்த மக்களின் பண்பாட்டுக்கே இன்று எர்த்தெபொல்லெ என்றுதான் பெயர்.

மேட்டின் பெரும்பகுதி சிப்பி ஓடு. அதனால் இவர்கள் சிப்பி தின்று வாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் பொதுவாகப் பரவிவிட்டது. இங்கேதான் மறுபடியும் அந்தக் கேள்வி வருகிறது. ஒரு செம்மான் தரும் உணவுக்கு ஈடாக வேண்டுமானால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆளிகள் வேண்டும் என்று 1970களில் ஒரு கணக்கு போடப்பட்டது. மான் விட்டுச்செல்வது கொஞ்சம் எலும்பு, அதிலும் பாதி நாய்க்கு. ஆளிகள் விட்டுச்செல்வது மலையளவு ஓடு. மீன் முள் பெரும்பாலும் மக்கிப்போகும். கீரையும் கிழங்கும் தடம் இல்லாமல் போகும். ஆனாலும் ஓட்டின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணிப்பதால்தான் அந்த மேட்டுக்குள் எலும்புகள் பிழைத்தன. சிப்பி ஒரு கையால் மறைத்ததை மறு கையால் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

உண்மையில் என்ன சாப்பிட்டார்கள்? அதற்கான நேரடிச் சான்று குப்பையிலிருந்து வரவில்லை, மனித எலும்பிலிருந்து வந்தது. ஐசோடோப் என்பது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை கொண்ட அணு வகை. கடல் உணவு உண்பவர் எலும்பில் கார்பன் ஐசோடோப்பின் விகிதம் நில உணவு உண்பவரிடமிருந்து மாறுபடும். 1981இல் ஹென்ரிக் தவுபர் டென்மார்க்கின் பழைய எலும்புகளை அளந்து பார்த்தார். வேட்டைக் காலத்துக் கடலோர மக்கள் பெருமளவு கடலை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். வேளாண்மை வந்த பிறகு அந்த அடையாளம் சட்டென்று மறைந்துவிடுகிறது. கடற்கரையிலேயே குடியிருந்தவர்களும் நிலத்து உணவுக்கு மாறிவிட்டிருந்தார்கள்.

ஃபுன் தீவின் மேற்குக் கரையில் டிப்ரிண்ட் விக் என்ற இடம் கடலுக்கு அடியில் இருக்கிறது. தென் டென்மார்க்கில் நிலம் தாழ்ந்து கடல் ஏறியதால் அன்றைய கரை மூழ்கிவிட்டது. 1978 முதல் சுமார் பத்து ஆண்டுகள் நீருக்கடியில் நடந்த அகழ்வில் காற்றுப் படாத சேற்றுக்குள் மரப் பொருட்கள் கிடைத்தன. லிண்டன் மரத்தைக் குடைந்து செய்த ஏறத்தாழ 10 மீட்டர் நீள ஓடங்கள், ஆஷ் மரத்தில் வெட்டி இதய வடிவ அலகில் கோலம் செதுக்கிய துடுப்புகள். ஓடத்தின் பின்பகுதியில் களிமண் பூசி நெருப்பு மூட்டிய தடம்கூட இருந்தது. கரையில் இருக்கும் மேடுகளை எத்தனை நூற்றாண்டு தோண்டினாலும் இந்தத் துடுப்பின் கோலம் கிடைத்திருக்காது. அந்த மக்களுக்கு அழகுணர்ச்சி இருந்ததா என்ற கேள்விக்கு விடை எந்த மண்ணில் தோண்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அவர்களுடைய துயரத்தையும் ஒரு முறை மண் காப்பாற்றித் தந்திருக்கிறது. கோபன்ஹேகனுக்கு வடக்கே வெட்பெக் என்ற ஊரில் 1975இல் வாகன நிறுத்துமிடம் அமைக்கும் வேலையின்போது புதைகுழிகள் வெளிப்பட்டன. 17 குழிகள், 22 பேர், சுமார் ஏழாயிரம் ஆண்டுப் பழமை. எட்டாவது குழியில் இளம்பெண் ஒருத்தி. தலைமாட்டில் மான் பற்கள் குவியலாகக் கோத்த அணிகள். அவள் அருகே பிறந்த உடன் இறந்த ஆண் குழந்தை, இடுப்பில் ஒரு சிக்கிமுக்கிக் கத்தி. குழந்தையின் அடியில் பறவை எலும்புகள் ஒழுங்காக வரிசையில் கிடந்தன. அது ஓர் அன்னத்தின் இறக்கை. இறகுகள் போய்விட்டன, எலும்பு வரிசை மட்டும் நின்றது. சிப்பி மேட்டில் கிடைத்திருந்தால் குளிர்காலச் சாப்பாடு என்று பதிவாகியிருக்கும் அதே எலும்பு, இங்கே ஒரு தாயின் குழந்தையைத் தாங்கியிருக்கிறது. பொருள் ஒன்றுதான், கிடந்த விதம்தான் பேசுகிறது. இந்தக் குழியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், தோண்டியவர்கள் அவசரப்படாமல் இருந்தார்களே என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

டென்மார்க்கின் சட்டம் அந்த நிதானத்துக்கு இடம் கொடுக்கிறது. கட்டுமானத்தால் தொல்லியல் தடயம் அழியும் என்றால் முதலில் அகழ்வு நடக்க வேண்டும். பெரிய வேலைகளில் அதன் செலவைக் கட்டுபவரே ஏற்க வேண்டும். லோலான் தீவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் 18 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைக்கத் திட்டமிட்டபோது, லோலான்-ஃபால்ஸ்டர் அருங்காட்சியகத்தார் சில்ட்ஹோம் பகுதியில் பெரும் அகழ்வில் இறங்கினார்கள். அங்கே கிடைத்தவற்றில் கட்டைவிரல் நுனியளவு கறுப்பு உருண்டை ஒன்று இருந்தது. பிர்ச் மரப் பட்டையைச் சூடாக்கி எடுக்கும் பிசின் அது. கல் முனையைக் கைப்பிடியில் ஒட்ட அதைப் பயன்படுத்துவார்கள். அதன்மேல் பல் பதிந்திருந்தது. யாரோ மென்று துப்பியிருக்கிறார்கள்.

2019இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு அந்தப் பிசினிலிருந்து மென்றவரின் முழு மரபணுத் தொகுப்பையும் மீட்டது. மென்று துப்பிய பிசினிலிருந்து ஒரு பழங்கால மனிதரின் முழு மரபணுத் தொகுப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண். கருமையான தோல், அடர் பழுப்பு முடி, நீல விழிகளாக இருந்திருக்கக்கூடும். வயது வந்த பின் பால் செரிக்காத உடல். வாயில் வாழ்ந்த நுண்ணுயிர்கள், எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ், அண்மையில் தின்றிருக்கக்கூடிய ஹேசல் கொட்டை, காட்டு வாத்து ஆகியவற்றின் தடமும் அதில் இருந்தன. லோலா என்று அவளுக்குப் பெயரிட்டார்கள். செய்திகளில் வந்த ஓவியம் அவளை ஒரு சிறுமியாக வரைந்திருந்தது. அவள் வயதைப் பிசின் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

லோலா வாழ்ந்த காலத்தில் டென்மார்க்கில் வேளாண்மை வந்து சில தலைமுறைகள் ஆகிவிட்டன. அவள் மரபணுவோ பழைய வேட்டைக் குடிகளுடையது. 2024இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு இதைப் பரந்த படத்தில் வைத்தது. சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த வேளாண் மக்கள் மிகக் குறுகிய காலத்திலேயே பழைய மக்களின் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். பிறகு ஏறத்தாழ 4,850 ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் புல்வெளி வழி வந்த மரபு இன்னொரு முறை அதே மாற்றத்தைச் செய்தது. லோலா அந்த முதல் மாற்றத்துக்குப் பிறகும் பழைய குடியினர் சிலர் தாக்குப்பிடித்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

இவ்வளவு நுட்பமான கருவிகள் வந்த பிறகும் ஸ்டீன்ஸ்ட்ரூப்பின் கேள்வி பழையதாகிவிடவில்லை. எக்த்வெட் பெண்ணின் கதையே போதும். 1921இல் யூட்லாந்தின் எக்த்வெட் ஊரில் ஒரு விவசாயி தன் நிலத்து மண்மேட்டைச் சமன்செய்யும்போது கருவாலி (ஓக்) மரச் சவப்பெட்டி தட்டுப்பட்டது. அவர் வேலையை நிறுத்தி அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பினார். உள்ளே பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இருந்த பெண். பொ.ஆ.மு. சுமார் 1370இல் புதைக்கப்பட்டவள். எலும்புகளை அமில நீர் கரைத்துவிட்டது. முடி, நகம், பற்கள், கம்பளிச் சட்டை, கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடை, இடுப்பில் வெண்கல வட்டத் தகடு எல்லாம் தப்பியிருந்தன. காலடியில் தேனும் கோதுமையும் பழங்களும் சேர்த்து வடித்த பானத்தின் வண்டல் படிந்த பட்டை வாளி. பெட்டிக்குள் பூத்த நிலையில் கிடைத்த ஒரு பூச்செடியால் அடக்கம் நடந்தது கோடையில் என்றுகூடச் சொல்ல முடிந்தது.

ஸ்ட்ரோன்ஷியம் என்ற தனிமம் மண்ணிலிருந்து நீர்வழி, உணவுவழி உடலுக்குள் செல்கிறது. அதன் ஐசோடோப் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். எனவே பல்லில் உள்ளதைக் கொண்டு பிறந்த ஊரையும், வளர்ந்துகொண்டே போகும் முடியைக் கொண்டு கடைசிக் காலப் பயணங்களையும் கணிக்கலாம். 2015இல் கரின் ஃபிரை தலைமையிலான குழு அவ்வாறு கணித்து, அவள் டென்மார்க்கில் பிறந்தவள் அல்ல, தென் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்திருக்கலாம் என்றது. வெண்கலக் காலத்துப் பெண்ணின் நெடும்பயணம் என்று உலகமே கொண்டாடியது.

2019இல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் தாம்சென், ராஸ்முஸ் ஆண்ட்ரேயாசென் இருவரும் ஒரு கேள்வியோடு வந்தார்கள். டென்மார்க்கின் பின்னணி அளவு என்று ஒப்பிட்டீர்களே, அதை எந்த மண்ணில், எந்த நீரில் அளந்தீர்கள்? யூட்லாந்தின் மணற்பாங்கான நிலங்களில் விவசாயிகள் தலைமுறைகளாகப் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு போட்டு வருகிறார்கள். அந்தச் சுண்ணாம்பிலும் ஸ்ட்ரோன்ஷியம் இருக்கிறது. அது ஓடைகளின் அளவையே மாற்றிவிட்டது. சுண்ணாம்பு படாத இடங்களில் அளந்தால் எக்த்வெட் பெண்ணின் அளவு அவள் புதைக்கப்பட்ட இடத்தின் சுற்றுவட்டாரத்திலேயே பொருந்துகிறது என்றார்கள். ஃபிரை குழு இதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்ந்தது. யார் பக்கம் முழு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அளவுகோலாக எடுத்த நிலமே நம் காலத்தில் மாறிப்போயிருக்கக்கூடும் என்று கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தப் பெண்ணைக் கண்டெடுத்த விவசாயியைப் போன்றவர்கள் தம் வயலைத் திருத்தப் போட்ட சுண்ணாம்பு, அவள் பிறந்த ஊரையே இடம் மாற்றிக் காட்டியிருக்கலாம்.

மண் மாறுவது அளவுகளை மட்டும் குழப்பவில்லை. ஸ்வீடனின் தெற்கே, ஸ்கோனே பகுதியில் ஆகெரொட் என்ற சதுப்பில் எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வேட்டைக் குடியிருப்பு ஒன்று உண்டு. 1940களிலும் 1970களிலும் தோண்டியபோது அங்கே எலும்புகள் அருமையான நிலையில் கிடைத்தன. 2019இல் அதே இடத்தில் மறுபடி தோண்டி, பழைய எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். எலும்புகள் வெகுவாக மக்கியிருந்தன, சில அடுக்குகளில் அழிந்தே போயிருந்தன. நீர் வடிக்கப்பட்டதால் காற்று உள்ளே போகிறது; காற்றுப் பட்டதும் சேற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாகின்றன; அமிலம் எலும்பைத் தின்கிறது. எட்டாயிரம் ஆண்டு நிலைத்தது எழுபது எண்பது ஆண்டுகளில் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் முதலில் போவது மீன் முள்ளும் சிறு பறவை எலும்பும்தான். பெரிய மான் எலும்பு கடைசியாகப் போகும். நாளைக்கு ஒருவர் அங்கே தோண்டினால் மானை மட்டும் வேட்டையாடிய மக்களைத்தான் காண்பார். அந்தத் தவறான சித்திரத்தைத் தடுக்க இரண்டே வழிகள் உண்டு: சதுப்புகளின் நீர்மட்டத்தை மறுபடி உயர்த்துவது, அல்லது எஞ்சியிருப்பது போவதற்குள் தோண்டி எடுப்பது. இரண்டுக்கும் பணம் வேண்டும். கட்டுமானம் நடக்கும் இடத்தில் கட்டுபவர் செலவை ஏற்கிறார். எவரும் எதுவும் கட்டாத, பார்வைக்குப் பத்திரமாகத் தெரிகிற ஒரு சதுப்புக்குச் செலவு செய்ய அப்படி யாரும் இல்லை.